கள்ளுக்கடையை மூடினார், ராஜாஜி!

மாலை நேரம். மடியில் அன்றைய கூலி. வீட்டுக்குப் போகும் வழியில் கள்ளுக்கடை. அவன் குடியை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கள் வாடை மூக்கில் பட்டதும் கால் நின்றுவிடுகிறது!

ஏன் நிற்கிறது? மூளை விஞ்ஞானிகள் இதற்கு விடை காண்பதற்கு முன்பே, வழியில் இருந்த கடையை எடுத்துவிட முனைந்தார், ராஜாஜி.

ஆசிரமத்தில்

பழைய சேலம் ஜில்லா தொரப்பள்ளியில் 1878-ம் ஆண்டு பிறந்தவர், ராஜாஜி. 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். பணம் குவிந்தது. 1917-ல் நகரசபைத் தலைவர் ஆனார். பிறகு காந்திஜியின் அழைப்பை ஏற்று, தொழிலை உதறினார்.

1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். கதர் வேலையோடு மதுவிலக்குப் பிரசாரமும் நடந்தது. 1929-ல் அதற்காகவே "விமோசனம்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதில் அவருக்குத் துணை நின்றவர், கல்கி.

1937 அக்டோபர் 1

1937-ல் சென்னை மாகாணப் பிரதம மந்திரி ஆனார். அக்டோபர் 1-ந்தேதி சேலம் ஜில்லா முழுவதும் மதுவிலக்கு வந்தது. இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியும் அதில் அடக்கம். கடைகள் மூடப்பட்டன. சர்க்காருக்கு வருமானம் போயிற்று. அதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி போட்டார்.

1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியது.

மூளையில் பதிந்த தடம்

மது உள்ளே போனால் மூளையில் டோப்பமின் என்ற ரசாயனம் சுரக்கிறது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாரோடு குடித்தோம் என்பதையும் மூளை சேர்த்துக் குறித்துக்கொள்கிறது. நாளடைவில், கடையைக் கண்டாலே போதும், ஆசை பொங்குகிறது.

குடியை விட்டாலும் அந்தத் தடம் அழிவதில்லை. உறங்குகிறது. பழைய கூட்டாளியோ, மனக்கவலையோ, கடையின் வாடையோ அதை எழுப்பிவிடும். அந்த நேரத்தில், வேண்டாம் என்று தடுக்க வேண்டிய முன்மூளை தளர்ந்துவிடுகிறது.

இதற்கு ஒரு சான்று உண்டு. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையாகி, 1971-ல் ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை ஆராய்ந்தார்கள். மூன்று ஆண்டுகளில் மறுபடியும் அடிமையானவர்கள், 100-க்கு 12 பேர்தான்! இடம் மாறியது, பழைய தூண்டுதல்களும் விலகின. இது ஒரு முக்கிய காரணம் என்கிறார்கள்.

மழையில் சென்றார்

அதே 1971-ம் ஆண்டு, தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்த முடிவாயிற்று. ராஜாஜிக்கு அப்போது வயது 92. கொட்டும் மழையில் முதல்-அமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்குச் சென்றார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பலன் இல்லை. ஆகஸ்டு 30-ந்தேதி மதுவிலக்கு தளர்ந்தது. கடைகள் திறந்தன.

கடையை மூடினால் மட்டும் குடி ஒழிந்துவிடாது. கள்ளச் சாராயம் அதைக் காட்டியது. மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம், வைத்தியம் வேண்டும். ஆனால், விட்டவர் மறுபடி விழுவது மனத்திடம் இல்லாததால் மட்டும் அல்ல. அவரைத் திட்டுவதைவிட, கடை இல்லாத வழியாக வீட்டுக்கு அழைத்து வருவது மேல்.

1972 டிசம்பர் 25-ந்தேதி ராஜாஜி காலமானார். 1974-ல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1981-ல் மறுபடியும் திறந்தன. இரண்டையும் காண அவர் இல்லை.