லூயி பிரெயில்: விரல்நுனியிலிருந்து கணினி வரை

உங்கள் இல்லத்தில் பார்வை இழந்தவர் இருப்பின், அவருக்கு வரும் கடிதங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் நீங்களே படித்துச் சொல்லி வருவீர்கள். அவரே தனித்துப் படிக்கவும் எழுதவும் வழி தேடியவர் லூயி பிரெயில்.

பிரான்சு நாட்டில் 1809 ஜனவரி 4 அன்று பிறந்த அவர், மூன்றாம் வயதில், சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் கூரிய கருவியால் ஒரு கண்ணில் காயமுற்றார். பாதிப்பு மறு கண்ணையும் பற்றியது. ஐந்து வயதில் பார்வை முற்றிலும் அகன்றது. (நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கவாத்தின்போது கண்ணில் சிராய் குத்தினால், அதைப் பிடுங்காமல், கண்ணைக் கசக்காமல், அன்றே கண் மருத்துவரை அணுகுங்கள்.)

1819இல் பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த நூல்களில் வழக்கமான எழுத்துகளே பெரிதாகப் புடைத்திருந்தன. அவற்றைத் தடவிப் படிப்பது மெதுவான வேலை. அம்முறையில் தாமே எழுதுவதோ அரிது. பார்பியே என்பவரின் பன்னிரு புள்ளி முறையை, 1824இல், பதினைந்து வயதில், விரல்நுனியில் ஒரே தொடுகையில் அடங்கும் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார்.

பலர் அறியாத பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. புள்ளி எழுத்தைப் பார்வையுள்ள உறவினரால் படிக்க இயலவில்லை. எனவே சாதாரண எழுத்துருவையே புள்ளிகளால் வரையும் முறையை 1839இல் வெளியிட்டார். பார்வையற்ற நண்பர் ஃபூக்கோ அதற்கென 1841இல் ஒரு பொறியை அமைத்தார். பிறர் துணையின்றி வீட்டிற்குக் கடிதம் எழுத முடிந்தது.

காசநோயால் 1852 ஜனவரி 6 அன்று அவர் மறைந்தார். அவர் பயின்று, கற்பித்த பள்ளியே 1854இல்தான் ஆறு புள்ளி முறையை முறைப்படி ஏற்றது! தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பொதுவான பாரதி பிரெயில் 1951இல் அமைந்தது.

ஆறு புள்ளிகளால் 63 வடிவங்களே கிடைக்கும். கணினிக் குறிகளுக்கு அவை போதாமையால் எட்டுப் புள்ளிகள் வந்தன. பிரெயில் காட்சிக் கருவியில் நுண்ணிய ஊசிமுனைகள் எழுந்து தாழ்ந்து, திரையில் உள்ளதை விரலுக்கு உணர்த்துகின்றன. பிரெயில் கல்லாதோர் ஒலியாகக் கேட்கலாம்: கணினிக்கு என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான் உள்ளது, ஆண்ட்ராய்டு கைப்பேசி பலவற்றில் டாக்பேக் முன்னரே அமைந்துள்ளது. அமைப்புகளில் அணுகல்தன்மை என்னும் பகுதியில் அதை இயக்கிக் கொடுங்கள். பிறகு கைப்பேசியை அவரிடமே விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் தடுமாறுவார், பொறுத்திருங்கள்.

திரைவாசிப்பான் எழுத்தைப் படிக்கும். படமாக அனுப்பப்பட்ட அறிக்கையில் பெரும்பாலும் திணறும். மின்னணுத் தகவல் மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் இருக்கவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. அடுத்த பரிசோதனைக்குச் செல்லும்போது, அறிக்கையை எழுத்து வடிவக் கோப்பாக அவருடைய மின்னஞ்சலுக்கே அனுப்பும்படி கேளுங்கள்.