சர்தானாக் கோயிலைச் சமைத்த பேகம் சம்ரு

மின்விசிறியோ கம்பிச் சுருளோ வாங்க வேண்டுமாயின் தில்லிவாழ் மக்களாகிய நாம் சாந்தினி சௌக்கிலுள்ள பகீரத் பாலஸுக்குச் செல்கிறோம். கடைப் பலகைகளுக்கு மேலே நிமிர்ந்து நோக்குவோர் மிகச் சிலரே. நோக்கினால் பழைய மாளிகை ஒன்றின் பெருந்தூண்கள் புலப்படும். அது பேகம் சம்ரு என்னும் பெருமாட்டியின் தில்லி இல்லம். அவர் எழுப்பிய மாதா கோயிலோ, மீரட்டுக்கு அப்பால் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், சர்தானா என்னும் சிற்றூரில் நிற்கின்றது. தலைநகரிலுள்ள திரு இருதயப் பேராலயம் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுந்த கோயில் அது.

1750-களில் பிறந்த இவ்வம்மையாரின் இயற்பெயர் பர்சானா என்பர். இளமையில் தில்லியில் நாட்டியமாடிப் பிழைத்த எளிய பெண். வால்ட்டர் ரைன்ஹார்ட் என்ற ஐரோப்பியக் கூலிப்படைத் தலைவனோடு வாழத் தலைப்பட்டார். அவன் நற்பெயர் எடுத்தவன் அல்லன். 1763-இல் பாட்னாவில் ஆங்கிலேயக் கைதிகளைக் கொன்ற பழி அவனைச் சார்ந்தது. சம்ரு என்பது அவனுடைய பட்டப்பெயரின் மரூஉ. முகலாய மன்னர் ஷா ஆலமிடமிருந்து சர்தானாவை ஜாகிராகப் பெற்ற அவன், 1778-இல் ஆக்ராவில் இறந்தான். படைவீரர்கள் தங்கள் தலைமைக்கு அவன் மகனை நாடவில்லை, இவரையே நாடினர். தலைப்பாகை அணிந்து, ஹூக்கா புகைத்து, களத்திற்கே சென்று படை நடத்தினார். உருவத்தில் மிகக் குள்ளமானவர் என்பதையும் இங்கே சொல்லிவிடுவோம்.

1781 மே மாதத்தில் ஆக்ராவில் ஞானஸ்நானம் பெற்று யோவான்னா ஆனார். படையதிகாரிகள் பலர் ஐரோப்பியர் ஆதலின் அரசியல் நோக்கும் இதில் கலந்திருந்தது என்று கருதுவோர் உளர். இருக்கலாம். ஆயினும் வெறும் வசதிக்காகத் தழுவிய சமயத்தை ஒருவர் ஐம்பத்தைந்து ஆண்டுகள் இவ்வளவு பொருள் செலவிட்டுப் போற்றுவாரோ என்பது எம் ஐயம்.

தில்லி மன்னருக்கு இவர் ஆற்றிய உதவி சிறிதன்று. 1787-இல் ரோகில்லத் தலைவன் குலாம் காதிர் தலைநகரை மிரட்டியபோது, அவன் காட்டிய ஆசைகளுக்கு இணங்காமல் மன்னர் பக்கம் நின்றார். அடுத்த ஆண்டு கோகுல்கட் முற்றுகையில், பாசறை கலங்கி மன்னரின் உயிருக்கே ஆபத்து நேர்ந்த வேளையில், பல்லக்கில் விரைந்து வந்து தம் பீரங்கிகளால் அவரைக் காத்தார். மன்னர் அவரைத் தம் அருமை மகள் என அழைத்துச் சிறப்பித்தார். அதே 1788-இல் குலாம் காதிர் மீண்டும் வந்து மன்னரின் கண்களைப் பறித்தபோது, காக்க இவர் அருகில் இல்லை.

இவர் வாழ்வில் பெரும் பிழை 1793-இல் நேர்ந்தது. லெவாசு என்ற பிரெஞ்சு அதிகாரியை மறைவாக மணந்தார். வீரர்கள் வெகுண்டனர். 1795-இல் இருவரும் தப்பியோடினர். பிடிபட்டால் உயிர் விடுவதென உறுதி செய்திருந்தனர். படையினர் நெருங்கவே அம்மையார் கத்தியால் குத்திக்கொண்டார். அது கண்ட கணவன் தன்னைச் சுட்டுக்கொண்டு மாண்டான். அம்மையாரோ பிழைத்தார். அவரைப் பீரங்கி வண்டியில் கட்டி வைத்து வதைத்தனர். முன்னர் அவரோடு பிணங்கிப் பிரிந்து சென்றிருந்த ஜார்ஜ் தாமஸ் என்னும் ஐரிஷ்காரரே வந்து மீட்டு, மீண்டும் தலைமையில் அமர்த்தினார்.

1803-இல் அசாயேப் போரில் இவருடைய படை சிந்தியாவின் பக்கம் நின்றது. போர் முடிந்ததும் கம்பெனியாரோடு உடன்பாடு கண்டு, வாழ்நாள் வரை சர்தானாவைத் தமதாக வைத்துக்கொண்டார். கையிலிருந்த செல்வம் இனிப் போருக்கு வேண்டியதில்லை. தம் படையிலிருந்த இத்தாலிய அதிகாரி அந்தோனியோ ரெகெல்லினியைக் கொண்டு கோயில் எழுப்பினார். 1822 என்னும் ஆண்டு அதில் பொறிக்கப்பட்டுள்ளது. முன்மண்டபத்தில் இத்தாலியப் பாணித் தூண்கள். உள்ளே பீடத்தில் முகலாயர் முறையில் வண்ணக்கற்கள் பதித்த வெண்சலவைக்கல். 1834-இல் போப்பாண்டவர் சர்தானாவுக்கென ஓர் ஆயரையே நியமித்தார். அம்மையார் ரோமாபுரிக்கு மட்டுமன்றி, ஆங்கிலத் திருச்சபைத் தலைவருக்கும் அறப்பணிக்கென நிதி அனுப்பியவர்.

கொடுமைக் கதைகளும் உண்டு. தீ வைத்த பணிப்பெண்களை உயிரோடு புதைப்பித்தார் என்று பயணிகள் பலர் பலவாறு எழுதியுள்ளனர். விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எனினும் முழுதும் கட்டுக்கதை என்று ஒதுக்க எமக்குத் துணிவில்லை.

1836 ஜனவரி 27-இல் அவர் மறைந்தார். கம்பெனியார் ஜாகிரை எடுத்துக்கொண்டனர், படை கலைந்தது. அக்கோயிலின் மக்களோ பெரும்பாலும் அப்படையை நம்பி வாழ்ந்த குடும்பத்தார்! பங்கு மக்கள் ஒரே நாளில் பிழைப்பிழந்தனர். பலர் வேறூர்களில் வேலை தேடிச் சென்றனர். பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்த நமக்கு இது விளங்காததன்று. வளர்ப்பு வாரிசான டைஸ் சோம்பர் லண்டன் சென்று 1841-இல் பார்லிமெண்டு உறுப்பினராகி, மறு ஆண்டே பதவியிழந்து, பித்தர் எனத் தீர்க்கப்பட்டு 1851-இல் இறந்தார். அவர் செய்வித்த சலவைக்கல் நினைவுச் சின்னம் இன்றும் கோயிலுள் உயர்ந்து நிற்கின்றது. தடோலினி என்னும் ரோமச் சிற்பி சமைத்தது.

1956-இல் மீரட் மறைமாவட்டம் அமைந்தபோது சர்தானா அதில் அடங்கியது. 1961-இல் கோயிலுக்குப் பசிலிக்காச் சிறப்பு கிடைத்தது. நவம்பர் மாதத் திருவிழாவுக்கு அக்கம்பக்கத்துக் கிராமத்து இந்துக்களும் முஸ்லிம்களும் மெழுகுவர்த்தி ஏந்தி வருகின்றனர். தில்லியிலிருந்து பேருந்தில் வரும் கூட்டத்தில் தமிழ்ப் பேச்சும் கேட்கும்.