ஊரார் ஊட்டிய பள்ளிகள்

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாசாபாத் செல்லும் சாலையின் இருமருங்கும் இன்று மகிழுந்துகளையும் கைப்பேசிகளையும் உருவாக்கும் தொழிற்சாலைகள் நிற்கின்றன. எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இது ஏரியையும் மழையையும் நம்பி வாழ்ந்த உழவர் நிலம். இங்குள்ள சிற்றூர்களில் எழுத்தறியவேண்டிய வயதில் பல குழந்தைகள் மாடு மேய்த்தனர். பிள்ளையின் படிப்பைப் பெற்றோர் வெறுத்தனர் அல்லர். மாடு மேய்த்தால் அப்பிள்ளைக்கு ஒருவேளைக் கூழேனும் கிடைக்கும். பள்ளிக்குச் சென்றால் அதுவும் இல்லை. வறுமை போட்ட இந்தக் கணக்கைக் கல்வித்துறையின் கணக்காக எடுத்துக்கொண்டவர், இதே மாவட்டத்தில் பிறந்த நெ.து. சுந்தரவடிவேலு ஆவார்.

அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் நெய்யாடுபாக்கத்தில் 1912ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அவர் பிறந்தார். ஊர்ப்பெயரும் தந்தை துரைசாமியின் பெயருமே அவர் பெயருக்கு முன்னெழுத்துகளாயின. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். தன்மதிப்பு இயக்கத்தில் ஈடுபாடு கொண்டார். முதலில் பஞ்சாயத்து அலுவலராகவும் பின்னர்க் கல்வி அலுவலராகவும் பணிபுரிந்தார். பஞ்சாயத்துப் பணியைச் சிறியதாக எண்ணிக் கடந்துவிடக் கூடாது. ஓர் ஊரில் யார் எதைக் கொடுப்பர், யாரை எவர் வழியாகக் கேட்டல் வேண்டும் என்பதை அலுவலகக் கோப்புகள் கற்பிப்பதில்லை.

1954ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானார். அதே ஆண்டில் சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநரானார். அரைநேரப் படிப்பை வகுத்த தொடக்கக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளியில்லா ஊர்களில் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆனால், திறந்த பள்ளிக்குப் பசித்த பிள்ளை எவ்வாறு வரும்? சென்னை மாநகராட்சி 1920களிலேயே தன் பள்ளிகள் சிலவற்றில் உணவளித்துப் பார்த்திருந்தது. மாநிலம் முழுமைக்கும் அதனை விரிக்கவேண்டுமெனக் காமராசர் விரும்பினார். அதற்குரிய அரசு நிதி உடனே கிட்டவில்லை. நிதி வரட்டும் என்று இயக்குநர் காத்திருக்கவில்லை. ஆசிரியர்களை ஊராரிடம் அனுப்பினார்.

1956ஆம் ஆண்டில் பகலுணவுத் திட்டம் மக்களின் நன்கொடையால் தொடங்கியது. ஒருவர் நெல் கொடுத்தார். மற்றொருவர் விறகு கொடுத்தார். அன்றாடம் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைத் தாய்மார் தனிக்கலத்தில் சேர்த்துவைத்தனர். இதுவே பிடியரிசி எனப்பட்டது. தன் வீட்டு அரிசி வேகும் பள்ளிக்கு அடுத்த வீட்டுப் பிள்ளை வராவிடில், அத்தாயே அப்பிள்ளையை அழைத்துவரும் நிலை உண்டாயிற்று. இத்தகைய உறவை அரசாணையால் மட்டும் உண்டாக்க இயலாது.

1957ஆம் ஆண்டு நவம்பரில் அரசு நிதியுதவி வந்தது. ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்கு 10 காசு எனக் கணக்கிட்டு, அரசு 6 காசும் ஊரார் 4 காசும் ஏற்றனர்.

அடுத்த முயற்சி 1958ஆம் ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக் கடம்பத்தூரில் தொடங்கிற்று. அதுவே முதற் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. மாநாடு என்றதும் பந்தலும் சொற்பொழிவும் நினைவிற்கு வரும். இங்கோ முதன்மை பெற்றது ஒரு பட்டியல். ஒவ்வொரு பள்ளிக்கும் வேண்டிய கரும்பலகை, இருக்கை, குடிநீர், கூடுதல் வகுப்பறை ஆகியவற்றை ஆசிரியர்கள் முன்கூட்டியே எழுதி ஊராரிடம் காட்டுவர். கொடுப்போர் தம்மால் இயன்றதை ஏற்பர். தாம் வாங்கித் தந்த பலகையில் தம் ஊர்ப்பிள்ளை எழுதுவதை அவர்கள் நேரிற் காணலாம். அதன்பின் மாநிலமெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் நிகழ்ந்தன.

இம்முறையில் குறையே இல்லை என்பது பொருந்தாது. வளமான ஊர் மிகுதியாகத் தந்தது. வறண்ட ஊர் தரத் திணறியது. மிகுதியான உதவி தேவைப்பட்டதோ அந்த வறண்ட ஊருக்குத்தான். மழை பொய்த்த ஆண்டில் பிடியரிசியும் சுருங்கும். நன்கொடை திரட்டும் சுமையும் ஆசிரியர் தோளிலேயே விழுந்தது. எனவே, ஊராரின் 4 காசு அரசின் 6 காசுக்குத் துணையாகலாமேயன்றி மாற்றாகாது. 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் செலவுச் சுமையை அரசின் மீது ஏற்றி, இரண்டு வயது நிறைந்த மழலையரையும் பந்தியில் அமர்த்தியது.

சுந்தரவடிவேலு 1961ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது பெற்றார். 1969 முதல் 1975 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கினார். தம் வாழ்க்கையை ‘நினைவு அலைகள்’ என்னும் நூலாக எழுதினார். 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் மறைந்தார்.

அவர் பிறந்த மாவட்டத்தின் தொழிற்சாலைகளுக்கும் கட்டுமானக் களங்களுக்கும் இன்று பிற மாநிலத்தவரும் வேலைக்கு வருகின்றனர். குடும்பத்தோடு வருவோரின் குழந்தைகளும் இங்குள்ள அங்கன்வாடிகளிலும் தொடக்கப்பள்ளிகளிலும் இடம்பெறவேண்டியவர்களே. 2022ஆம் ஆண்டில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல்வேளை உணவையும் அளிக்கிறது. குறிப்பிட்ட அளவிற்கு மேல் வருவாயோ ஈட்டமோ உடைய நிறுவனங்கள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி ஈட்டத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டுமென 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அத்தொகையைக் கல்விக்கும் செலவிடலாம். கடம்பத்தூரில் நெல்லளந்த உழவர் நின்ற இடத்தில் இன்று ஒரகடத்தின் ஆலைகள் நிற்கின்றன. பள்ளிகளின் தேவைப்பட்டியலும் இன்னும் முடியவில்லை.