விசையும் இயக்கமும் கற்றுத் தந்த கலிலியோ



விசையும் இயக்கமும் என்ற பாடத்தைத் தொடங்கும் பள்ளிப் பிள்ளைகள் ஓரிடத்தில் தடுமாறுவார்கள். தள்ளினால் வண்டி நகர்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது. ஆகவே இயங்கும் பொருளுக்கு எப்போதும் விசை வேண்டும் என்று நினைப்பார்கள். அரிஸ்டாட்டிலும் அப்படித்தான் நினைத்தார். அதை மாற்றியவர் கலிலியோ.

1564-ஆம் ஆண்டு இத்தாலியின் பீசா நகரில் பிறந்தவர். மருத்துவம் படிக்கச் சென்று, பட்டம் பெறாமலே கணிதத்தின் பக்கம் திரும்பினார். புனித அந்தோனியாரால் நமக்கு அறிமுகமான பதுவை நகரில் 1592 முதல் 18 ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். சாய்ந்த கோபுரத்திலிருந்து குண்டுகளைப் போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அது நடந்ததா என்பதில் அறிஞர்களுக்கே ஐயம் உண்டு. அவர் உண்மையில் செய்தது இன்னும் எளிமையானது. நீண்ட மரச்சட்டத்தில் வழவழப்பான பள்ளம் வெட்டி, அதைச் சாய்த்து வைத்து, வெண்கலப் பந்தை உருளவிட்டார். நொடிகளைக் காட்டும் நல்ல கடிகாரம் இல்லாத காலம். ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லியதாக ஒழுகும் நீரைப் பிடித்து, எடைபோட்டு, நேரத்தைக் கணக்கிட்டார். சம கால இடைவெளிகளில் பந்து கடந்த தூரம் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடியது. அதாவது வேகம் சீராகக் கூடுகிறது.

ஒரு சரிவில் இறங்கும் பந்து எதிர்ச் சரிவில் ஏறக்குறைய அதே உயரம் ஏறும். எதிர்ச் சரிவைச் சமதளமாக்கினால்? தடுப்பது எதுவும் இல்லையென்றால் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். வண்டி நிற்பதற்குத்தான் விசை தேவை, அது உராய்வு.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கைக்காக 1633-இல் உரோமையில் திருச்சபையின் விசாரணை மன்றம் அவரைத் தண்டித்தது. 69 வயதில் முழந்தாள்படியிட்டு அக்கொள்கையைக் கைவிடச் செய்தார்கள். காவலோடு, 3 ஆண்டுகள் வாரந்தோறும் 7 தவத் திருப்பாடல்களைச் செபிக்கவும் கட்டளையிட்டார்கள். இதை நாம் மூடி மறைப்பதில் பயனில்லை. அக்கால இறையியலாளர்கள் தவறினர் என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் வெளிப்படையாகவே ஏற்றார். கிளாரா சபைத் துறவியான கலிலியோவின் மகள் மரிய செலஸ்தே, தந்தையின் செபக் கடமையைத் தாமே ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டே, 33 வயதில், அவர் இறந்துபோனார்.

சியன்னா பேராயர் அஸ்கானியோ பிக்கொலோமினியை இன்று யாரும் அதிகம் நினைப்பதில்லை. தீர்ப்புக்குப் பின் மனம் உடைந்திருந்த கலிலியோவைத் தம் இல்லத்தில் சில மாதங்கள் விருந்தினராக வைத்திருந்து, பழைய இயக்க ஆய்வுகளை மீண்டும் எடுத்து எழுத ஊக்கமூட்டியவர் அவர். அந்த நூல் 1638-இல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சானது. அதற்குள் கலிலியோவுக்கு இரு கண்களிலும் பார்வை போய்விட்டது. 1642 சனவரி 8-ஆம் நாள், ஆர்செத்ரி வீட்டில், காவலில் இருந்தபடியே இறந்தார்.