பரங்கிமலையில் ஒரு வீரர் பெயர்

தாம்பரத்திலிருந்து சென்னைக்குத் தினந்தோறும் ரயிலேறி வரும் ஜனங்களுள் பரங்கிமலையைக் காணாதார் இலர். அம்மலையின் அருகே ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இருப்பதும் பலருக்குத் தெரியும். அக்கழகத்தின் அணிவகுப்பு மைதானம் யாருடைய ஞாபகச் சின்னம் என்பதை எத்தனை பேர் அறிவர்?

அம்மைதானம் மேஜர் ராமஸ்வாமி பரமேச்வரனின் பெயர் தாங்கியது. அவர் 1946-ம் வருஷம் செப்டம்பர் 13-ந் தேதி பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஜனித்தார். 1968-ல் கல்லூரிப் படிப்பை முடித்து, 1971-ல் பரங்கிமலைக்கு வந்து பயிற்சி பெற்று, 1972 ஜூனில் மஹார் ரெஜிமெண்டில் அதிகாரியாக அமர்ந்தார்.

1987 ஜூலை 29-ந் தேதி இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நமது அமைதிப்படை யாழ்ப்பாணம் சென்றது. சமாதானம் காக்கச் சென்ற படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் யுத்தம் புரிய நேர்ந்தது. பரமேச்வரன் மஹார் 8-வது பட்டாளத்தோடு அங்கிருந்தார். நவம்பர் 25-ந் தேதி இரவில் ஒரு கிராமத்தைச் சோதனையிட்டுத் திரும்புகையில், மறைந்திருந்தோர் அவர் படையினர்மீது சுட்டனர். அவர் நிலைகுலையாமல் சுற்றி வளைத்துப் பின்புறமாய்ப் பாய்ந்தார். கைகலப்பில் மார்பிற் குண்டு பாய்ந்தது. அந்நிலையிலும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். மூச்சு அடங்கும்வரை தம் வீரர்களுக்கு உத்தரவிட்டுக் கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 41. தேசம் அவருக்குப் பரம வீர சக்கரம் அளித்தது.

அந்த யுத்தத்தைப் பற்றித் தமிழரிடையே ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. ஈழத் தமிழ் மக்கள் பட்ட துன்பங்களை நாம் மறைக்கவும் விரும்பவில்லை. 1990 மார்ச்சில் படை சென்னைக்குத் திரும்பியபோது தமிழ்நாட்டு முதல் மந்திரி வரவேற்கச் செல்லவில்லை. ஆயினும், கொள்கை வகுத்தவர் வேறு. கட்டளையை ஏற்று உயிரீந்தவர் வேறு. முன்னவரிடம் கேட்க வேண்டிய கணக்கைப் பின்னவரின் சமாதிமேல் எழுதுவது நியாயமாகாது.

2023 ஜனவரியில் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. கடல் கடந்தும் நிற்கும் அப்பெயர், பரங்கிமலைக் கழகத்தின் மதிலுக்குள் அடங்கிவிடலாகாது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பள்ளிகளிலுள்ள நம் குழந்தைகளுக்கு ஆசிரியர்கள் அவர் சரித்திரத்தை யுத்தத்தின் துயரத்தோடு சேர்த்தே சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். வீரத்தைப் போற்றவும் யுத்தத்தை வெறுக்கவும் ஒருங்கே அறிந்த பிரஜைகளே சுதந்திர தேசத்துக்கு அரண்.