வடக்கிருந்த வேந்தன் கோப்பெருஞ்சோழன்

இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாக விளங்கும் உறையூர், சங்க காலத்தில் சோழர்தம் தலைநகராகத் திகழ்ந்தது. அங்கிருந்து ஆண்ட வேந்தருள் கோப்பெருஞ்சோழன் புலமையாலும் நட்பாலும் தனிச்சிறப்புற்றவன். அவன் இயற்றியனவாகக் குறுந்தொகையில் நான்கும் புறநானூற்றில் மூன்றுமாக ஏழு பாடல்கள் உள்ளன. புலவர் பொத்தியார் அவனுடைய உயிர்த்தோழர். பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினரான ஆந்தையாரோ அவனை நேரில் கண்டிலர். ஆயினும் தம் வேந்தன் அவனே என்று பாடும் அளவிற்கு அன்பு பூண்டிருந்தார்.

இத்தகு வேந்தனுக்கு அவன் மக்களே பகையாயினர். ஆட்சியை விரும்பி அவர்கள் படைதிரட்ட, தந்தையும் போருக்கு எழுந்தான். அப்போது புல்லாற்றூர் எயிற்றியனார் துணிந்து அறிவுரை கூறினார். எதிர்த்து நிற்பவர் அயலார் அல்லர். வேந்தனுக்குப் பின் நாட்டைப் பெறவேண்டியவர்கள். அவர்களை வென்றால் அரசை யாரிடம் விட்டுச்செல்வது? தோற்றாலோ பகைவர் மகிழ்வர். புலவரின் இவ்வினாக்களுக்குப் பின் போர் நிகழவில்லை. வேந்தன் அரசைத் துறந்து, வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பினால் உயிர்விடத் துணிந்தான்.

அவன் அமர்ந்தது ஆற்றிடைக்குறையில், மரத்தின் புள்ளி நிழலில் என்பது கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனார் பாடலால் அறியப்படுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவை அவ்வருணனை நினைவூட்டும். ஆந்தையார் வருவார், அவருக்கும் இடம் ஒதுக்குக என்றான் வேந்தன். அருகிருந்தோர் ஐயுற்றனர். ஆந்தையார் வந்தார், நண்பனுடன் தாமும் வடக்கிருந்து உயிர்நீத்தார்.

பொத்தியாரும் உடனிருக்க விரும்பினார். அவர் மனைவி கருவுற்றிருந்தமையால், மகன் பிறந்தபின் வருக என்று வேந்தன் தடுத்துவிட்டான். உறையூருக்குத் திரும்பிய புலவர், வேந்தன் இல்லாத மன்றத்தைக் கண்டு அழுதார். நெடுங்காலம் தம் கையால் ஊட்டி வளர்த்த களிற்றை இழந்த பாகன், அது கட்டியிருந்த வெற்றுத்தறியை நோக்கிக் கலங்கும் நிலைக்குத் தம் துயரை ஒப்பிட்டார். இத்தகையவனைக் கவர்ந்த கூற்றுவனை வைதார். மகன் பிறந்தபின் நடுகல்லாகிவிட்ட வேந்தனிடம் சென்று தமக்குரிய இடத்தை வேண்டினார். அங்கேயே நோன்பிருந்து மறைந்தார்.

கோப்பெருஞ்சோழன் சமணன் எனக் கூறச் சான்றில்லை. வடக்கிருத்தலும் சல்லேகனையும் ஒன்றெனக் கொள்ளவும் இயலாது. மானம், நட்பு ஆகியன வடக்கிருத்தலுக்குக் காரணமாயின. சல்லேகனையோ மூப்பு, தீராப்பிணி, நீங்கா இடையூறு ஆகியவை நேருமிடத்து, விருப்பு வெறுப்பு அகற்றி, உணவைப் படிப்படியாகக் குறைத்து மேற்கொள்ளும் விரதம். அருங்கலச்செப்பு போன்ற நம் நூல்கள் இதனை விளக்குகின்றன. செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில் 57 நாள் நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு இன்றும் உள்ளது. சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளும் கோவலன் இறந்த செய்தி கேட்டு உண்ணாநோன்பால் உயிர்நீத்தார். அவர் கோவலன் கண்ணகியரோடு அரங்கத்தில் சாரணரை வணங்கி, உறையூர் வழியே மதுரைக்குச் சென்றவர்.

2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு இணையாகக் கருதித் தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. இவ்வினா எழும்போதெல்லாம், இறக்கத் துணிந்த மனம் எந்நிலையில் இருந்தது என்பதையே முதலில் நோக்கவேண்டும். கோப்பெருஞ்சோழன் உணவைத் துறப்பதற்கு முன் மக்கள்மீது எடுத்த வாளைத் துறந்தான். தன் முடிவைத் தோழரின் மனைவியும் பிறவாத குழந்தையும் சுமக்கலாகாது என்று பொத்தியாரைத் தடுத்தான். உறையூர் அவனுக்காக அழுததற்கு அவனது கொடைமட்டும் காரணமன்று. இவ்விரண்டு செயல்களும் காரணமாகும்.