தெரியாததைக் கேட்டுப் படித்த புலவர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு சாலைகள் உண்டு. அவற்றில் ஒன்று குப்பனூர் வழியாகச் செல்கிறது. சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் அது.

மலைக்காட்டில் ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிகிறது. வெளியூர்க்காரர் என்ன செய்வார்? மலையில் குடியிருப்பவரிடம் வழி கேட்பார். எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அங்கே கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பழைய சமய நூல்களைப் படிப்பதும் அப்படித்தான். இதைத் தம் வாழ்க்கையிலேயே செய்து காட்டியவர், தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாத அய்யர். அவரை அந்தப் பாதையில் இறக்கிவிட்டவர், சேலத்துக்காரர் ஒருவர்!

சேலம் முன்சீப்

சாமிநாத அய்யர் 1855-ம் ஆண்டு பிறந்தார். தஞ்சைச் சீமையில் உள்ள உத்தமதானபுரம் அவருடைய ஊர். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார். திருவாவடுதுறை சைவ மடத்தில் இருந்து படித்தார். 1880-ம் ஆண்டு, 25-வது வயதில், கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியர் ஆனார்.

அதே ஆண்டு, சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்தார். அய்யர் அவரைப் பார்க்கப் போனார்.

என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று அய்யர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். மணிமேகலை? சிலப்பதிகாரம்?

அய்யர் திகைத்துப் போனார். அவர் அவற்றைக் கண்ணால் கண்டதும் இல்லை. நூல் கிடைத்தால் படித்துவிடலாம் என்ற தைரியம் மட்டும் இருந்தது. முதலியார் சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்தார்.

எழுத்து தெரிந்தது, பொருள் தெரியவில்லை

சிந்தாமணி, திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் பாடிய காவியம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகள். அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையும் உண்டு. ஆனால் அந்த உரையே பல இடங்களில் புதிராக இருந்தது.

ஏட்டுச் சுவடிகளைப் படிப்பதிலும் தொல்லை இருந்தது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறில் எது, நெடில் எது என்ற அடையாளம் இராது. கொள் என்பதும் கோள் என்பதும் ஒரே மாதிரி இருக்கும். பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியாது. அய்யர் பல ஊர்ப் பிரதிகளைத் தேடி வாங்கினார். ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்தார்.

எழுத்துச் சிக்கல் அவிழ்ந்தது. சமயச் சிக்கல் அவிழவில்லை.

சித்தர் என்ற சொல்லையே பாருங்கள். சேலத்தாரிடம் அதைச் சொன்னால், கஞ்சமலைச் சித்தர் நினைவுக்கு வருவார். சமணர்களுக்கோ, வினை எல்லாம் தீர்த்து வீடுபேறு அடைந்தவரே சித்தர். அருகர், சித்தர், சாதுக்கள், அறம் ஆகிய நான்கிலும் அவர்கள் சரண் புகுவார்கள். இது தெரியாதவர் அகராதியைப் புரட்டி என்ன பயன்? சொல் புரியும், பாட்டு புரியாது!

தோரணம் கட்டிய வீடு

அப்போது இரண்டு வழிகள் இருந்தன. தெரிந்ததுபோல் ஒரு பொருளைச் சொல்லி ஒப்பேற்றிவிடலாம். கல்லூரி ஆசிரியரை யார் கேட்கப் போகிறார்கள்? அல்லது, தெரியாது என்று ஒப்புக்கொண்டு தெரிந்தவரைத் தேடிப் போகலாம். அய்யர் இரண்டாவது வழியில் போனார்.

கும்பகோணத்திலேயே சமணர்கள் இருப்பதை அறிந்தார். சந்திரநாத செட்டியார் என்ற சமணப் பெரியவர் வீட்டுக்குச் சென்றார். வீடு விழாக்கோலமாக இருந்தது. தோரணம் கட்டியிருந்தார்கள். கோலம் போட்டிருந்தார்கள். என்ன விசேஷம் என்று விசாரித்தார். சிந்தாமணி படித்து முடித்த விழா என்று தெரிந்தது!

அய்யருக்கு மெய்சிலிர்த்தது. கல்லூரியில் யாருக்கும் விளங்காத நூல், பக்கத்துத் தெருவில் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கும் நூலாக இருந்தது. அது அவர்களுக்குப் பாடப் புத்தகம் அல்ல; பாராயண நூல்.

சைவ மடத்தில் படித்த புலவர், சமணர் வீட்டில் மாணவராக உட்கார்ந்தார். அவர் தம் சமயத்தை விடவில்லை. அவர்கள் சமயத்தை இகழவும் இல்லை. சந்தேகங்களைக் குறித்துக்கொண்டு போவார். கேட்டு வந்து, ஏட்டோடு பொருத்திப் பார்ப்பார். இருண்டு கிடந்த பாட்டுகள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின.

ஏழு ஆண்டு உழைப்பு

1887-ம் ஆண்டு சீவக சிந்தாமணி உரையோடு அச்சில் வந்தது. முதலியார் கேள்வி கேட்டு ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று வரிசையாக வந்தன. மணிமேகலைக்கு வந்தபோது புதுத் தொல்லை. அது பௌத்த நூல். போய்க் கேட்க, சமணர்களைப் போலப் பக்கத்தில் பௌத்தர்கள் இல்லை. பௌத்த சமயம் பற்றிய நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அய்யருக்கோ ஆங்கிலம் தெரியாது.

அதற்கும் அவர் வெட்கப்படவில்லை. மளூர் ரங்காசாரியார் என்ற அறிஞரை அணுகினார். அவர் ஆங்கில நூல்களைப் படித்துத் தமிழில் விளக்கினார். அய்யர் கேட்டுக் குறித்துக்கொண்டார். 1898-ம் ஆண்டு மணிமேகலையும் வெளிவந்தது.

1906-ம் ஆண்டு அரசாங்கம் மகாமகோபாத்தியாயர் பட்டம் தந்தது. 1932-ம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தந்தது. 1942-ம் ஆண்டு, 87-வது வயதில், அய்யர் காலமானார். மறு ஆண்டே அவர் பெயரால் சென்னையில் நூல் நிலையம் ஏற்பட்டது. அவர் தேடிச் சேர்த்த ஏடுகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

பழைய நூல் ஒன்றைக் கையில் எடுக்கிறோம். பொருள் விளங்கவில்லை. மூடி வைத்துவிட வேண்டாம். நாமாக ஒரு பொருளைக் கட்டிச் சொல்லவும் வேண்டாம். அந்த நூலை வீட்டில் வைத்துப் படிப்பவர் யார் என்று விசாரிப்போம். அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவோம்.

குப்பனூர் மலைப்பாதையில் வழி கேட்டவர், பொழுது சாய்வதற்குள் ஏற்காடு போய்ச் சேருவார். கேட்கக் கூச்சப்பட்டவர், காட்டிலேயே சுற்றிக்கொண்டு இருப்பார்!